முட்டை வளர்க்கும் ஊசியும் பெண்ணின் சம்மதமும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில், என் தமையன் மகள் குழந்தைப்பேற்றுச் சிகிச்சையின் பொருட்டு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, மாலை ஏழு மணி ஆனதும் அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, மோர்ப் பாத்திரத்துக்கும் கறிவேப்பிலைப் பொட்டலத்துக்கும் இடையே வைத்திருந்த பேனா போன்ற ஒரு சாதனத்தை எடுத்து, அதன் அடிப்பகுதியைத் திருகி அளவை வைத்து, தொப்புளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு தானே ஊசியைக் குத்திக்கொள்வதைத் தினந்தோறும் பார்த்தேன். குத்திய பிறகு பத்து எண்ணும் வரை அதை எடுக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

"என்ன மருந்தம்மா அது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முட்டை வளர்ற ஊசி, அத்தை."

அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. பேனாவின் மேல் பெயர் அச்சிட்டிருந்தது. அது என்ன மருந்து, எத்தனை அலகு, அந்த அளவு அவளுக்கு ஏன் என்று எவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வங்கியில் வேலை பார்ப்பவள் அவள்; பிறருடைய கடன் பத்திரங்களை வரிக்கு வரி படித்துப் பார்த்தபிறகே கையெழுத்திடுபவள். தன் சரீரத்துக்குள் செல்லும் ஒரு பொருளைப் பற்றி மட்டும் அவள் வாய் திறவாதிருந்தது என் மனத்தை வெகுவாக உறுத்திற்று. இக்கட்டுரை எழுந்தது அந்த உறுத்தலிலிருந்துதான்.

இயற்கையின் ஏற்பாட்டில் பொதுவாக மாதத்துக்கு ஒரு சினைமுட்டைதான் முதிர்கிறது. சினைப்பையில் ஒரே காலத்தில் வளரத் தொடங்கும் பல முட்டைப்பைகளுள், மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோன் குறையக் குறைய, ஒன்று மாத்திரம் தாக்குப்பிடித்து வளர, ஏனையவை வாடி மறைகின்றன. அந்த ஹார்மோனையே ஊசி மூலம் வெளியிலிருந்து கொடுத்து, வாடிப்போக இருந்தவற்றையும் வளர்த்தெடுப்பதே இச்சிகிச்சையின் தத்துவம். மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்கி, ஏறக்குறைய பத்து நாட்கள், பெரும்பாலும் தினம் 150 முதல் 300 அலகு வரை மருந்து செல்கிறது. இடையிடையே ஸ்கேன் எடுத்து வளர்ச்சியை அளக்கிறார்கள். முட்டைகள் காலத்துக்கு முன்பே வெடித்துவிடாதிருக்க வேறோர் ஊசி சேர்கிறது. முட்டைப்பைகள் 18 மில்லிமீட்டர் அளவை எட்டியதும், பேச்சு வழக்கில் 'வெடிக்கிற ஊசி' என்று சொல்லப்படும் எச்.சி.ஜி. போடப்பட்டு, உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கும் ஐ.வி.எஃப். முறையானால் சுமார் 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள்.

இம்மருந்தின் பூர்வகதை விசித்திரமானது. முன்னாளில் இத்தாலியில், மாதவிலக்கு நின்றுபோன முதிய கன்னியாஸ்திரீகளின் சிறுநீரைத் திரட்டி, அதிலிருந்தே இந்த ஹார்மோன்களைப் பிரித்தெடுத்தார்கள். துறவறம் பூண்டவர்களின் தயவால் பிறர் வீட்டில் தொட்டில் ஆடிற்று என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. நம் தேசத்திலும், 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தைக்குக் காரணராயிருந்த டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய, இங்கிலாந்தில் இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையை நம்பிச் சிகிச்சை செய்த அதே ஆண்டில், ஹார்மோன் ஊசியால் சினைப்பையைத் தூண்டும் முறையைக் கையாண்டார். அரசாங்கம் நியமித்த குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. 1981-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய சாதனையை நாடு ஒப்புக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் சென்றன.

ஆகவே இந்த ஊசியை நான் நிந்திக்க வரவில்லை. எத்தனையோ இல்லங்களில் அது செய்த உபகாரம் பிரத்தியட்சமானது. ஆனால் ஒன்றை வளர்க்க வேண்டிய சினைப்பையைப் பத்தும் பதினைந்தும் வளர்க்கச் சொல்லி நிர்ப்பந்திக்கும்போது, சில ஸ்திரீகளின் சரீரம் அந்தக் கட்டளைக்கு அளவு மீறிச் செவிசாய்த்துவிடுகிறது. சினைப்பைகள் பெரிதாக வீங்கி, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும், சில சமயம் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. ரத்தம் கெட்டிப்படுவதால் அது கட்டியாக உறையும் அபாயமும் நேர்கிறது. வைத்தியர்கள் ஓ.எச்.எஸ்.எஸ். என்று குறிப்பிடும் இந்த மிகைத்தூண்டல், லேசான அளவில் பலருக்கு வந்து தானே தணிந்துவிடும். கடுமையான அளவில் நூற்றில் ஓரிருவருக்கே வரும் எனினும், அந்த ஓரிருவருக்கு அது உயிரோடு விளையாடும் விஷயம். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்கள், இளம் வயதினர், மெலிந்த தேகமுடையவர்கள், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். பரிசோதனையில் எண் மிகுந்திருப்பவர்கள் ஆகியோர் விசேஷ ஜாக்கிரதையுடன் இருக்க வேண்டும்.

என் தமையன் மகளுக்கும் நீர்க்கட்டி உண்டு. முட்டை எடுத்து வந்த மூன்றாம் நாள் அவளுடைய பாவாடை நாடா இடுப்பில் எட்டவில்லை. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. ஒரு வாய் ரசம் சாதம்கூட இறங்கவில்லை. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "ஊசி போட்டா வயிறு உப்புறது சகஜம்மா, இளநீர் குடிங்க" என்று பதில் வந்தது. மறுநாள் காலை எடை பார்த்தால், ஒரே இரவில் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போயிற்று. படுத்தால் மூச்சு முட்டிற்று. வேறொரு மருத்துவமனையில் சேர்த்து, வயிற்றிலிருந்து நீரை வடித்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவள் என்னிடம் பிற்பாடு சொன்னதுதான் நெஞ்சைச் சுட்டது: "முதல் நாளே முடியல அத்தை. சொன்னா சிகிச்சையை நிறுத்திடுவாங்களோன்னு பயந்து சொல்லல." கலியாணமான ஆறாம் மாதத்திலிருந்து "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுக் கேட்டு, ஒரு பெண்ணைத் தன் வலியைத் தானே மறைக்கும் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தும் நம் சமூகத்துக்கு, இந்த அபாயத்தில் மருந்துக்குச் சமமான பங்கு உண்டு என்று நான் துணிந்து சொல்வேன்.

இந்த அபாயத்தைப் பெருமளவு முன்கூட்டியே தடுக்க முடியும். அளவைக் குறைத்துத் தொடங்குவதும், எச்.சி.ஜி.-க்குப் பதிலாக வேறு வகை ஊசியால் முட்டையை முதிர்விப்பதும், கருவை உடனே கருப்பையில் வைக்காமல் உறைநிலையில் காத்துவைத்துப் பிறிதொரு மாதத்தில் வைப்பதும் வைத்தியர்கள் நன்கறிந்த உபாயங்கள். ஐ.வி.எஃப். அல்லாத, விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் எளிய ஐ.யூ.ஐ. முறையில் இந்த ஊசியைப் பிரயோகிப்பவர்களுக்கோ, இரட்டை, மூன்று என்று கருத்தரிக்கும் ஆபத்து உண்டு. மூன்றுக்கு மேல் முட்டைகள் முதிர்ந்துவிட்டால் அம்மாதச் சிகிச்சையைக் கைவிடுவதே விவேகம். "இவற்றுள் எனக்கு எது பொருந்தும்?" என்று கேட்பது வைத்தியரை அவமதிப்பது ஆகாது.

ஆகாது என்பது மட்டுமன்று, பதில் சொல்வது அவர்களுடைய சட்டப்பூர்வமான கடமை. 2022 ஜனவரி 25 முதல் அமலில் இருக்கும் இனப்பெருக்கத் தொழில்நுட்ப உதவி ஒழுங்குமுறைச் சட்டம், வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, பல கரு உண்டாகும் அபாயம் ஆகிய யாவற்றையும் தம்பதிக்கு முன்னதாக எடுத்துரைக்க வேண்டும் என்றும், எழுத்து மூலமான சம்மதமின்றிச் சிகிச்சை கூடாது என்றும் விதிக்கிறது. கரு கருப்பையில் வைக்கப்படும் வரை அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. சம்மதம் யாருடையது என்பதிலும் ஐயத்துக்கு இடமில்லை. மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும் அவளுடைய தாயின் சம்மதத்தை மட்டும் பெற்று அகற்றிய வழக்கொன்றில், உயிராபத்தான அவசரம் ஏதும் இல்லாதபோது பிறருடைய சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவர் தலையசைத்தார், மாமியார் சரியென்றார் என்பதெல்லாம் ஊசி போட்டுக்கொள்பவளின் சம்மதத்துக்கு ஈடாகமாட்டா.

தமக்கென அன்றிப் பிறருக்காக இதே ஊசியைப் போட்டுக்கொள்ளும் ஏழைப் பெண்களை எண்ணும்போது என் மனம் இன்னும் கலங்குகிறது. 2022-இல் ஈரோட்டில், 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதைப் போலி ஆதார் அட்டையால் கூட்டிக் காட்டி, பெற்ற தாயே உடந்தையாயிருந்து, பலமுறை ஹார்மோன் ஊசி போட்டு அவளுடைய கருமுட்டைகளை விற்றதாக வெளிவந்த செய்தியை நாம் மறந்துவிடலாகாது. சட்டப்படி 23 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களே கருமுட்டை தானம் செய்யலாம். அதுவும் ஆயுளில் ஒரே ஒரு முறை. ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. தானம் செய்பவளுக்கு 12 மாதக் காப்பீடு செய்து தர வேண்டும். விற்பதும், தரகரை ஏவுவதும் குற்றம். "ஊசி போட்டுக்கிட்டா நல்ல காசு" என்று எவரேனும் உங்கள் தெருவுக்கு வந்தால், அவர் அந்தக் குற்றத்தைச் செய்ய வந்தவர்.

சிகிச்சைக்குப் போகுமுன், அந்த மையம் மேற்சொன்ன சட்டப்படி பதிவு பெற்றதா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தவறு நேர்ந்தால் முதலில் கேட்க வேண்டியது மருத்துவக் குறிப்புகளை. எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்ப்புப் பிரிவு இருந்தாக வேண்டும்; அங்கே நியாயம் கிடைக்காவிடில், மாநில அரசு அமைத்துள்ள உரிய அதிகார அமைப்பிடமும், வைத்தியரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும் முறையிடலாம். நஷ்ட ஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதானால் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். நாங்கள் அவ்வாறு மனு எழுத உட்கார்ந்தபோது, எங்கள் கையில் ஊசி மருந்துக்கான ரசீது ஒன்றுகூட இல்லை. ஆதலால் ரசீதையும் மருந்துச் சீட்டையும் காலி அட்டைப் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். மருந்தின் பெயர், அலகு, போட்ட தேதி மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றே குறித்து வையுங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என்னுடைய வேண்டுகோள் ஒன்றுண்டு. முட்டை வளர்க்கும் ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணின் எடையைத் தினமும் காலையில் பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலும், சிறுநீர் குறைந்தாலும், அடிவயிற்றில் திடீரென்று தாங்கமுடியாத வலி வந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108-ஐ அழைத்து அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.