பாக்ஸ் கரகரக்குதா? பழி போடுறதுக்கு முன்னாடி பார்த்துடுவோம்



நம்ம கூட்டமைப்புக்குச் சொந்தமா ஒரு மைக் செட் இருக்கிறது உங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு ஆம்ப்ளிபயர், ரெண்டு மைக், இடுப்பு உயரத்துக்கு ரெண்டு பாக்ஸ். மகளிர் தினம், கிராம சபை, கண் சிகிச்சை முகாம்னு நம்ம வேலைக்கு எடுத்துக்குவோம். மத்த நாள்ல உறுப்பினர் வீட்டு விசேஷத்துக்குக் குறைஞ்ச வாடகைக்குக் கொடுப்போம்.

போன தை மாசம் ஒரு அக்கா தன் பேத்தி காதுகுத்துக்கு அதை எடுத்துட்டுப் போனாங்க. மறுநாள் திரும்பி வந்தப்ப ஒரு பாக்ஸ்ல பாட்டும் வரல, பேச்சும் வரல, கரகரன்னு ஒரு சத்தம்தான் வந்தது. அந்த மாசச் செயற்குழுக் கூட்டத்தில பாதி நேரம் இதுக்கே போச்சு. "எடுத்துட்டுப் போனவங்கதான் பொறுப்பு, முன்பணத்தைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைச் சேமிப்புல கழிச்சுடுவோம்"னு பேச்சு வந்தது. தீர்மான நோட்டைக்கூட எடுத்தாச்சு. அந்த அக்கா எழுந்து நின்னு, "நான் வாடகைக்கு எடுத்தேன், உடைக்க எடுக்கலம்மா. கொண்டு போய் மாட்டும்போதே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு"ன்னாங்க. அதுக்கு மேல அவங்களுக்குப் பேச வரல.

அப்பத்தான் ஒரு குழுவோட பிரதிநிதி கேட்டாங்க: "என்ன கெட்டுப் போச்சுன்னு நமக்கே தெரியாம, எவ்வளவு கழிக்கிறதுன்னு எப்படி எழுதுறது?" நியாயமான கேள்வி. நோட்டை மூடி வச்சோம். அதுக்கப்புறம் நாங்க அலைஞ்சதும் தெரிஞ்சுக்கிட்டதும்தான் இந்தக் கட்டுரை. இப்ப பல குழுக்கள் சொந்தமா ஸ்பீக்கர் வச்சிருக்கீங்க. உங்களுக்கும் உதவும்.

கெட்டது எது?

சத்தம் சரியில்லைன்னா உடனே "ஸ்பீக்கர் போச்சு"ன்னு சொல்லிடுறோம். ஆனா சத்தம் பாக்ஸ் வரைக்கும் வர்ற வழியில மைக், மைக் வயர், ஆம்ப்ளிபயர், பாக்ஸுக்குப் போற வயர்னு இத்தனை இருக்கு. எதுல கோளாறு வந்தாலும் சத்தம் கெடும். எதுன்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு, காசு செலவில்லை. ஆம்ப்ளிபயரை நிறுத்திட்டு, நல்லா இருக்கிற பாக்ஸோட வயரைக் கழட்டிக் கெட்ட பாக்ஸுக்கு மாட்டுங்க, கெட்டதோட வயரை நல்லதுக்கு மாட்டுங்க. மறுபடி போட்டு, செல்போன்ல இருந்து ஒரு பாட்டைச் சின்னச் சத்தத்தில விடுங்க. கரகரப்பு அதே பாக்ஸ்லயே வந்தா கோளாறு பாக்ஸ்லதான். இத்தனை நாள் நல்லா இருந்த பாக்ஸ் இப்ப கரகரன்னா, கோளாறு வயர்லயோ ஆம்ப்ளிபயர்லயோ இருக்கு. பாட்டு சுத்தமா வந்து, மைக்ல பேசினா மட்டும் கெட்டுப் போனா மைக் வயரைப் பாருங்க. வயர் மைக்குக்குள்ள நுழையிற இடத்திலதான் பெரும்பாலும் அறுந்திருக்கும். அதைத் திரும்பப் பத்த வைக்கிறது சின்னச் செலவுதான்.

வயர்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. விசேஷ வீட்டில பிளக் இல்லாம, வயர் முனையை அப்படியே சாக்கெட் ஓட்டையில விட்டுத் தீக்குச்சியைச் சொருகி வைக்கிறாங்க. நாங்களே எத்தனையோ தடவை பார்த்திருக்கோம். பக்கத்துல குழந்தைங்க ஓடி விளையாடும். ஸ்பீக்கர் போனா வாங்கிக்கலாம். தயவுசெஞ்சு அப்படி மட்டும் மாட்ட விடாதீங்க.

எங்க விஷயத்தில வயரை மாத்தியும் கரகரப்பு அதே பாக்ஸ்லதான் வந்தது. அப்போ ஸ்பீக்கர்தான்.

ஸ்பீக்கர் எப்படி வேலை செய்யுது?

முறத்தால விசிறினா காத்து வருதுல்ல, அதே வேலைதான். பாக்ஸுக்கு உள்ள கூம்பு மாதிரி ஒரு காகிதம் இருக்கும். அதை கோன்னு சொல்றாங்க. கோனோட அடியில மெல்லிய செம்புக் கம்பியைச் சுத்தின ஒரு வளையம் ஒட்டியிருக்கும். அதுதான் காயில். அந்தக் காயில் ஒரு கனமான காந்தத்தில இருக்கிற சின்ன இடுக்குக்குள்ள, எதுலயும் படாம நிக்கும். ஆம்ப்ளிபயர்ல இருந்து கரண்ட் வரும்போது காந்தம் காயிலை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளும். காயிலோட கோனும் ஆடும். அது காத்தைத் தள்ளுறதுதான் நம்ம காதில சத்தமா விழுது.

காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ரொம்பக் குறைவு. காயில் கொஞ்சம் சாய்ஞ்சாலும், உள்ள மண்ணோ துருவோ விழுந்தாலும் உராயும். உராய உராயக் கம்பி மேல இருக்கிற பூச்சு போகும், கடைசியில கம்பியே அறுந்துடும்.

அதனால சத்தத்தை வச்சே ஓரளவு சொல்லிடலாம். சின்னச் சத்தத்திலயும் சரசரன்னு உராஞ்சா காயில் இடிக்குது. பெரிய சத்தத்தில மட்டும் படபடன்னு அடிச்சா கோன் கிழிஞ்சிருக்கலாம், இல்லை ஓரம் பசை விட்டிருக்கலாம். விட்டு விட்டு வந்தா எங்கேயோ இணைப்பு லூசு. போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி மந்தமா வந்தா, பாக்ஸ்ல மேல இருக்கிற சின்ன ஸ்பீக்கர் போயிருக்கும். ஒண்ணுமே வரலைன்னா காயில் எரிஞ்சிருக்கலாம், வெறும் வயர் விட்டிருக்கவும் செய்யலாம்.

ஒண்ணுமே வராத பாக்ஸுக்கு ஒரு சோதனை இருக்கு. ஆம்ப்ளிபயர்ல இருந்து பாக்ஸைக் கழட்டிடுங்க. கடிகாரத்துக்குப் போடுற ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து, ரெண்டு சின்ன வயரால பாக்ஸோட ரெண்டு முனையிலயும் ஒரு நொடி தொட்டு எடுங்க. உள்ள இருந்து 'டப்'புன்னு சத்தம் வந்தா காயில் உயிரோட இருக்கு. வரலைன்னா உள்ள எங்கேயோ அறுந்திருக்கு. இதுக்கு 1.5 வோல்ட் பேட்டரி மட்டும்தான். வீட்டுக் கரண்ட்ல வச்சுப் பார்க்கிற வேலையே கூடாது.

கோன்ல விரல் நீளத்துக்குக் கிழிசல்னா கடைக்குக்கூடப் போக வேண்டாம். மெல்லிசான டிஷ்யூ காகிதத்தை வெள்ளைப் பசையில நனைச்சு முன்னாடியும் பின்னாடியும் ஒட்டி, ஒரு ராத்திரி காய விட்டாப் போதும். செலோ டேப் வேண்டாம், ஆட்டத்தில பிரிஞ்சு அதுவே சத்தம் போடும். கனமான பசையும் வேண்டாம், கோன் ஒரு பக்கமா இழுக்கும். வாரண்டி இருக்கிற பாக்ஸை மட்டும் நாமளே திறக்கக் கூடாது.

கடைக்குப் போனது

முதல்ல போன கடையில பாக்ஸைத் திறந்துகூடப் பார்க்கல. "இதெல்லாம் ரிப்பேர் ஆகாதும்மா, ரெண்டையும் மாத்திடுங்க, 9,000 ஆகும்"னாங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே இல்லை. 9,000 ரூபாய்னா அந்த அக்காவோட எத்தனை மாசச் சேமிப்பு!

ரெண்டாவதா, ஸ்பீக்கருக்குக் கோன் மாத்திக் கொடுக்கிறவர் ஒருத்தர் இருக்கார்னு கேள்விப்பட்டுப் போனோம். சின்ன இடம், சுவர் முழுக்கப் பழைய ஸ்பீக்கர்தான். எங்க கண்ணு முன்னாடியே திருகைக் கழட்டி ஸ்பீக்கரை வெளியே எடுத்தார். கோனை ரெண்டு பக்கமும் சமமாப் பிடிச்சு மெதுவா அமுக்கினார். மண்ணு அரைக்கிற மாதிரி கேட்டுச்சு. அப்புறம் மீட்டர் வச்சார். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் நல்லா இருந்தா மீட்டர்ல ஆறு, ஏழு காட்டணுமாம். எங்களுது ஒரு நேரம் நாலு காட்டுச்சு, ஒரு நேரம் ஒண்ணுமே காட்டல.

கோனைப் பிரிச்சு எடுத்தவர் எங்களைக் கிட்டக் கூப்பிட்டுக் காட்டினார். காகிதம் ஊறி உப்பிப் போய், ஓரத்தில பூஞ்சக்காளான் பூத்திருந்தது. காந்தத்தோட இடுக்கு முழுக்கச் செந்துரு. வயர் மாட்டுற முனையில பச்சைக் களிம்பு. "எங்கம்மா வச்சிருந்தீங்க இதை? துருவைப் பாருங்க, ஒரு ராத்திரி விசேஷத்தில வர்ற துருவா இது? மாசக்கணக்கா ஈரத்தில கிடந்திருக்கு"ன்னார்.

எங்களுக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. அக்டோபர் 2 கிராம சபை முடிஞ்சதும் அந்த பாக்ஸை அலுவலக மூலையில வெறும் தரையில வச்சோம். ஐப்பசி, கார்த்திகை மழையில அந்தச் சுவர் ஓதம் காத்தது எங்க எல்லாருக்கும் தெரியும். தை மாசம் அந்த அக்கா வந்து கேட்டப்போ, போட்டுப் பார்க்காமலே தூக்கிக் கொடுத்தோம். மாட்டும்போதே ஒரு மாதிரியா இருந்துச்சுன்னு அவங்க சொன்னது அத்தனையும் நிஜம்.

ரிப்பேருக்கு 900 ரூபாய் ஆச்சு. காந்தமும், அதைத் தாங்குற இரும்புக் கூடையும் பழசேதான். இடுக்கைச் சுத்தம் பண்ணி, கோன், காயில், நடுவில தாங்குற ஸ்பைடர் இது மூணையும் புதுசாப் போட்டார். பசை காயணும்னு ரெண்டு நாள் கழிச்சு வரச் சொன்னார்.

எல்லா ஸ்பீக்கரும் ரிப்பேருக்குத் தகுதியானது இல்லை, இதையும் அவரேதான் சொன்னார். கீழே விழுந்து காந்தம் நகர்ந்துட்டாலோ விரிசல் விட்டாலோ பணத்தைக் கொட்டாதீங்க. ரிப்பேர் கூலி புது ஸ்பீக்கர் விலையில பாதிக்கு மேல போனா, புதுசே வாங்கிடலாம்ங்கிறது எங்க கணக்கு. அப்பவும் முழு பாக்ஸ் தேவையில்லை, உள்ள இருக்கிற ஸ்பீக்கரை மட்டும் மாத்திக்கலாம். பழசு எத்தனை இஞ்ச், எத்தனை ஓம்ஸ், எத்தனை வாட்ஸ்னு காந்தத்தோட முதுகில பார்த்து, அதே அளவில கேளுங்க. 8 ஓம்ஸ் இருந்த இடத்தில 4 ஓம்ஸைப் போட்டா ஆம்ப்ளிபயர் சூடாகி, அடுத்த ரிப்பேர் அதுக்குத்தான்.

கொடுக்கும்போது காந்தத்து மேல ஒரு அடையாளம் போட்டுக் கொடுத்தோம். என்ன மாத்தினாருங்கிறதை ரசீதில எழுதச் சொன்னோம். கழட்டின பழைய காயிலையும் கோனையும் கேட்டு வாங்கிட்டு வந்தோம். சந்தேகத்தில இல்லை, கூட்டத்தில எல்லாருக்கும் காட்டணுமே!

வீட்டுக்கு வந்து மாட்டினப்போ ஒரு வேடிக்கை. கரகரப்பு இல்லை, ஆனா தவில் சத்தம் மட்டும் வெளிறிப் போய்க் கேட்டுச்சு. திரும்பவும் கெட்டுப் போச்சான்னு பயந்து அவருக்குப் போன் போட்டோம். சிரிச்சார். ஒரு பாக்ஸ்ல சிவப்பு, கறுப்பு வயரை மாத்தி மாட்டியிருந்தோம். அப்படி மாட்டினா ஒரு கோன் முன்னால வரும்போது இன்னொண்ணு பின்னால போகும், கனமான சத்தம் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். சரியா மாட்டினதும் தவில் வந்துடுச்சு.

இப்ப பாக்ஸ் ரெண்டும் சுவரை விட்டுத் தள்ளிப் பலகை மேல, துணி உறை போட்டு இருக்கு. மாசம் ஒரு தடவை கூட்டத்தன்னிக்கு ஒரு பாட்டுப் போட்டுப் பார்க்கிறோம். வாடகைக்குக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ரெண்டு தரப்பும் நின்னு ரெண்டு நிமிஷம் கேட்டு, நோட்டில கையெழுத்துப் போடணும். சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகக் கூடாதுன்னும் எழுதியிருக்கோம். ஆம்ப்ளிபயர் திணறி உடைஞ்ச சத்தமா வர ஆரம்பிச்சா அந்தச் சூட்டில காயில் எரிஞ்சுடும். ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் வெளியிடத்தில ஒலிபெருக்கி வைக்கக் கூடாதுன்னு 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்லுது. பகல்ல வைக்கவும் எழுத்துமூலமான அனுமதி வேணும். அனுமதி வாங்குறது எடுத்துட்டுப் போறவங்க பொறுப்பு. கூம்புக் குழாய் கேட்டு வர்றவங்களுக்கு நம்மகிட்ட அது கிடையாது. அதை வச்சா போலீஸ் வந்து கழட்டச் சொல்லிடுவாங்க.

அடுத்த கூட்டத்தில துரு பிடிச்ச காயிலும் பூஞ்சக்காளான் பிடிச்ச கோனும் கைக்குக் கை போச்சு. 900 ரூபாயைக் கூட்டமைப்புச் செலவில எழுதினோம். அந்த அக்காவோட முன்பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்து, நாங்க பேசினதுக்கு மன்னிப்பும் கேட்டோம். அவங்க பணத்தை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க, ஒண்ணும் சொல்லல.

வைகாசியில மகன் வீடு பால் காய்ச்சுறதுக்கு மறுபடியும் செட்டு கேட்டு வந்தாங்க. ரெண்டு பாக்ஸையும் தனித்தனியாப் போடச் சொல்லி, ரெண்டு பாட்டு முழுசாக் கேட்டுட்டு, அதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டாங்க.