மூன்றாவது தோட்டா

அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்றொரு சிற்றூர் உண்டு. சுற்றிலும் நெல்வயல், வயலை அடுத்து, குளிர்காலத்தில் முழங்காலளவு தண்ணீர் தேங்கி நிற்கும் ஓக் மரக்காடு. டிசம்பர் மாதத்து விடியற்காலையில், மரத்தோடு மரமாய் அந்நீருக்குள் நின்றுகொண்டு, வடக்கேயிருந்து வலசை வரும் பச்சைத்தலை வாத்துகளுக்காக அண்ணாந்து காத்திருக்கும் வேட்டைக்காரரிடம், சிறு படகொன்றைத் தள்ளிக்கொண்டு வேட்டைக் காவல் அதிகாரி ஒருவர் வந்து சேருவது அங்கே அபூர்வக் காட்சியன்று. காலை வணக்கம் சொல்லிவிட்டு அவர் உரிமச் சீட்டைக் கேட்கிறார். வாத்துத் தபால்தலை என்று வழங்கும் வரிச்சீட்டின் மேல் குறுக்கே கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கிறார். தோட்டாவிலிருப்பது ஈய ரவையன்று, எஃகு ரவைதான் என்று நிச்சயித்துக்கொள்கிறார். வீழ்ந்த பறவைகளை எண்ணுகிறார். கடைசியாகத் துப்பாக்கியை வாங்கி, உள்ளே கிடந்த தோட்டாக்களை உதிர்த்துவிட்டு, அதை மல்லாக்கத் திருப்பி, ஒவ்வொரு தோட்டாவாகக் கட்டைவிரலால் அழுத்திக் குழாய்க்குள் செலுத்துகிறார். ஒன்று போகிறது. இரண்டாவதும் போகிறது. மூன்றாவது தோட்டா பாதி நுழைந்ததும் உள்ளே ஏதோ தட்டுகிறது. விரலை எடுத்தவுடன் அது பின்வாங்கிக் கையிலேயே வந்து விழுகிறது. அதிகாரி தலையசைத்துத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கிறார். அந்த மூன்றாவதும் ஒழுங்காக உள்ளே போயிருந்தால், சட்டைப் பையிலிருந்து அபராதச் சீட்டுப் புத்தகம் வெளியே வந்திருக்கும்.

உள்ளே தட்டியது ஒரு மரக்குச்சி. ஒரு பெரிய தேசத்தின் சட்டம், ஏட்டில் எழுதிய அட்சரமாக மட்டும் நின்றுவிடாமல், கை நீளத்துக்குக்கூட வராத ஒரு குச்சியாக உருவெடுத்துத் துப்பாக்கியின் வயிற்றுக்குள்ளேயே குடியிருக்கிறதென்ற இந்த விசித்திரத்தைத்தான் இங்கே சற்று விஸ்தாரமாகச் சொல்லப் போகிறேன்.

ஷாட்கன் எனப்படும் இவ்வகைத் துப்பாக்கியின் தோட்டாவில் ஒற்றைக் குண்டு இராது; கடுகிலிருந்து மிளகு வரை பருமனுள்ள ரவைகள் நூற்றுக்கணக்கில் அடைத்திருக்கும். பறக்கும் பறவையைச் சுடுவதற்கு ஏற்ற ஆயுதம் அது. நம் நாட்டில் 12 போர் என்றால் பலருக்கும் தெரியும். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியில் குழலுக்கு ஒன்றாக இரண்டு தோட்டா. இரண்டையும் சுட்டுவிட்டால் மடக்கித் திறந்து மறுபடி நிரப்ப வேண்டும். அரைத் தானியங்கி வகையிலோ குழல் ஒன்றே. அதன் கீழே, அதற்கு இணையாக ஓடும் இன்னொரு மெல்லிய குழாயில், சுருள்வில்லின் அழுத்தத்தில், ரயில்பெட்டிகள்போல் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கும். அந்தச் சேமிப்புக் குழாய்க்கே மேகஸின் என்று பெயர். சேமிப்பறை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து கிளைத்தது இது; நாம் வழங்கும் கஜானா என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. தாங்கள் கையில் வைத்துப் படிக்கும் பத்திரிகைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான் என்பதை எண்ணினால், ஒரு கஜானாவில் கட்டுரைகளும் இன்னொன்றில் வெடிமருந்துமாக நிரப்பி வைத்த மனித புத்தியை வியப்பதா நோவதா என்று தெரியவில்லை.

அத்தகைய அரைத் தானியங்கித் துப்பாக்கியை முதன்முதலில் வெற்றிகரமாகச் சமைத்தவர் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரவாசியான ஜான் பிரௌனிங். சுடும்போது தோளை உதைக்கிறதே, வீணே போகும் அந்த உதைப்பு, அதையே வேலைக்காரனாக்கினால் என்ன என்பது அவர் சிந்தனை. ரவை வெளியேறிய வேகத்தில் குழலும் தாழ்ப்பாளும் சேர்ந்து பின்னோக்கி ஓடுகின்றன. குழல் மாத்திரம் முதலில் முன்னே திரும்ப, வெற்று உறை வெளியே தெறிக்கிறது. பின்னர்த் தாழ்ப்பாள் புதுத் தோட்டாவை ஏந்திக்கொண்டு வந்து குழலை அடைக்கிறது. விசையை மீண்டும் அழுத்துவதொன்றே மனிதனுக்கு மிச்சம். விற்பனைக்கு ஈடாக ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பங்குத்தொகை வேண்டுமென்று பிரௌனிங் கேட்கவே, நெடுங்காலம் அவருடைய படைப்புகளை வாங்கிவந்த வின்செஸ்டர் கம்பெனி மறுத்துவிட்டது. ரெமிங்டன் கம்பெனியின் தலைவரைக் காண 1902-ஆம் வருஷம் ஜனவரியில் அவர் சென்று வெளியறையில் அமர்ந்திருந்தபோது, உள்ளே அத்தலைவர் மாரடைப்பால் காலமானார். பிரௌனிங் கப்பலேறி பெல்ஜியத்துக்குப் போய், எர்ஸ்டாலிலிருந்த ஆயுதத் தொழிற்சாலையில் தம் துப்பாக்கியைச் செய்ய வைத்தார். குழாயில் நான்கு, குழலில் ஒன்று, ஆக ஐந்து தோட்டா. ஆட்டோ-5 என்ற பெயரின் அர்த்தம் அவ்வளவே. 1998 வரை அந்தப் பெயரில் அது உற்பத்தியாயிற்று.

அது பிறந்த காலம் பறவைகளுக்குப் பொல்லாத காலம். சந்தைக்காகவே சுட்டுக் குவிக்கும் தொழில்வேட்டை செஸபீக் விரிகுடா முதலிய நீர்நிலைகளில் கொழித்திருந்தது. படகின் முனையில் பீரங்கிபோல் கிடத்தி, ஒரே வெடியில் ஒரு கூட்டத்தையே சாய்க்கும் ராட்சதத் துப்பாக்கிகளும் இருந்தன. ஒரு காலத்தில் வானத்தை மறைத்துப் பறந்ததாகச் சொல்லப்படும் பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலையில் இறந்தது. அந்தப் பாவம் பிரௌனிங்கின் யந்திரத்தைச் சேராது. வலையும் பழைய துப்பாக்கியும் ரயில் வண்டியுமே அவ்வினத்தை முடித்துவிட்டிருந்தன. ஆனாலும் வயிறெரிந்து நின்றவர்களுக்கு, ஓயாமல் சுடும் புதுத் துப்பாக்கி கண்முன் நின்ற சத்துருவாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. நியூயார்க் மிருகக்காட்சிச் சாலையின் தலைவர் வில்லியம் ஹார்னடே அதை எதிர்த்து ஓயாது எழுதினார். பென்சில்வேனியா மாநிலம் 1907-லேயே வேட்டைக்கு அதை உபயோகிக்கலாகாது என்று விலக்கிவிட்டது.

மத்திய அரசாங்கம் மெதுவாகத்தான் நகர்ந்தது. கனடாவுக்காக பிரிட்டனோடு 1916-ல் உடன்படிக்கை, அதை நிறைவேற்ற 1918-ல் வலசைப் பறவைகள் சட்டம், பிறகு நீதிமன்ற வழக்கு என்று காலம் போயிற்று. 1930-களில் புழுதிப்புயலும் வறட்சியும் சேர்ந்து வாத்துகள் குஞ்சு பொரிக்கும் குட்டைகளையெல்லாம் வற்றடித்தபோதுதான் நெருக்கடி முற்றியது. அப்போது அதிபர் ரூஸ்வெல்ட் உயிரியல் இலாகாவுக்குத் தலைவராக நியமித்தவர் ஒரு கேலிச்சித்திரக்காரர்: புலிட்சர் பரிசு பெற்றவரும், ‘டிங்’ என்ற செல்லப் பெயரால் ஊரறிந்தவருமான ஜே டார்லிங். 1934-ல் வெளிவந்த முதல் வாத்துத் தபால்தலையின் சித்திரம் அவர் கைவண்ணமே. மறு ஆண்டு விதிகள் இறுகின. தானியம் தூவிப் பறவையை ஈர்ப்பது கூடாது. உயிருள்ள வளர்ப்பு வாத்துகளைப் பார்வைப் பறவைகளாக மிதக்கவிடுவது கூடாது. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது: குழலில் ஒன்று, குழாயில் இரண்டு.

ஏன் மூன்று? பழமை விரும்பிகளின் இரட்டைக்குழலுக்கு இரண்டு, பிரௌனிங்கின் துப்பாக்கிக்கு ஐந்து. இடையே பஞ்சாயத்தார் வெட்டிய வரப்பு மூன்று என்பது என் ஊகம். முதல் தோட்டா பறவை எழும்போது, இரண்டாவது விலகும்போது; அதற்குமேல் விடுவதெல்லாம் தொலைவில் காயப்பட்டுத் தவிக்கும் பறவைகளைத்தான் பெருக்கும் என்று அனுபவசாலிகள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

இவ்விதியின் வாசகம் நுட்பமானது. துப்பாக்கியில் எத்தனை தோட்டா இருக்கிறதென்று அது கேட்பதில்லை. எத்தனை கொள்ளும் என்று கேட்கிறது. ஒற்றைத் தோட்டா மட்டுமே போட்டிருந்தேன், மறந்துபோய்க் குச்சியை வைக்கவில்லை என்று வேட்டைக்காரர் மன்றாடினாலும் குற்றம் குற்றமே. அடைப்பு ஒரே துண்டாக இருக்க வேண்டும். துப்பாக்கியைக் கழற்றாமல் அதை எடுக்க முடியாதிருக்க வேண்டும். குழாயின் முனையிலுள்ள மூடியைத் திருகினால், அடங்கிக் கிடந்த சுருள்வில் பாம்புபோல் சீறி வெளியே பாய, அதன் நடுவே சொருகியிருக்கும் குச்சி. வழவழப்பான பிளாஸ்டிக்கில் தொழிற்சாலையே வைத்தனுப்புவதும் உண்டு. அது தொலைந்துபோனால் தச்சுப்பட்டறைக் கழியையோ, அவசரத்துக்கு ஒரு பென்சிலையோ அளவாக நறுக்கிப் போட்டுக்கொள்வதும் உண்டு. அளவில்தான் சூட்சுமம். 3½ அங்குலத் தோட்டாவுக்கு நறுக்கிய குச்சி, 2¾ அங்குலத் தோட்டாவுக்குக் கூடுதல் இடம் விட்டுவிடக்கூடும். எனவே விவேகி சிறிய தோட்டாவை வைத்தே அளந்து பார்ப்பான்.

துப்பாக்கியின் கொள்ளளவை ஒடுக்கினால் மாத்திரம் போதுமா என்றால், போதாது. நம் பரத்பூர் ஏரியில் 1938 நவம்பர் 12-ஆம் தேதி, வைசிராய் லின்லித்கோ பிரபுவின் விருந்தில் ஒரே நாளில் வீழ்ந்த பறவைகள் 4,273 என்று அங்கே கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். குழாயில் எத்தனை என்பதைக் காட்டிலும் கூடையில் எத்தனை என்பதே பறவைக்கு முக்கியம். அதனால்தான் ஆர்க்கன்சாவில் குச்சியோடு கூட, நாளொன்றுக்கு ஆறு வாத்து என்ற வரம்பும் இருக்கிறது.

மனிதரைக் காக்க இப்படியொரு குச்சி உண்டா என்ற கேள்வி வாசகர் மனத்தில் எழுந்திருக்கும். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான அத்தகைய விதி இன்றில்லை. 1994-ல் வந்த தடைச் சட்டம், ஐந்துக்கு மேல் கொள்ளும் மேகஸினை அரைத் தானியங்கி ஷாட்கன்னின் ஆட்சேபகரமான லட்சணங்களுள் ஒன்றாக வைத்து, அப்படி இரண்டு லட்சணம் சேர்ந்தால் தடை என்றது. பத்தாண்டு ஆயுள் முடிந்து 2004-ல் அதுவும் காலாவதியாயிற்று. சில மாநிலங்கள் தனித்தனியே கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. வாத்துக்குள்ள பாதுகாப்பு மனிதனுக்கில்லை என்று அங்கே கசப்போடு சொல்வார்கள். எதிர்த்தரப்பார், மனிதனைச் சுடுவது எந்தப் பருவத்திலும் குற்றமாயிற்றே என்பார்கள். பதில் சாமர்த்தியமானதுதான், ஆனால் பிற நாடுகள் அந்தச் சாமர்த்தியத்தோடு திருப்தியடையவில்லை.

1987-ல் ஹங்கர்ஃபோர்டு என்ற ஊரில் ஒருவன் 16 பேரைக் கொன்ற பிறகு, பிரிட்டன் 1988-ல் சட்டத்தைத் திருத்தியது. கழற்ற முடியாத மேகஸினில் இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளாத துப்பாக்கிக்குச் சாதாரணச் சான்றிதழ்; அதற்கு மேற்பட்டால், தக்க காரணம் காட்டிப் பெற வேண்டிய கடுமையான சான்றிதழ். அங்கே பென்சில் வித்தை செல்லாது: குழாயையே நிரந்தரமாக நசுக்கி ஒடுக்கி, அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையின் முத்திரையைக் குத்தியாக வேண்டும். போர்ட் ஆர்தரில் 35 உயிர் போன 1996-க்குப் பின் ஆஸ்திரேலியா ஐந்து தோட்டாவை எல்லையாக்கி, அதற்குட்பட்டதையும் தொழில்நிமித்தம் தேவைப்படுவோருக்கே பெரும்பாலும் விட்டுவைத்தது. கிறைஸ்ட்சர்ச்சில் 51 பேர் மாண்ட 2019-ல் நியூஸிலாந்து ஏனைய அரைத் தானியங்கிகளைப் பெருமளவில் விலக்கியபோதும், ஐந்து கொள்ளும் நிலைக்குழாய் ஷாட்கன்னை அனுமதித்தது. அதே இரண்டும் ஐந்தும்தான் ஒவ்வோரிடத்திலும் வேறு வேறு துக்கத்தின் பேரில் திரும்பத் திரும்ப வருகின்றன.

மறுபடி அமெரிக்காவுக்கே வந்தால், கதையின் எதிர்பாராத திருப்பம் வாத்தின் ஒன்றுவிட்ட சகோதரனான பனி வாத்தால் வந்தது. தென் மாநிலங்களின் வயல்களில் சிந்திய நெல்லையும் சோளத்தையும் தின்று கொழுத்து, அவை அளவுமீறிப் பெருகிவிட்டன; கோடையில் ஹட்சன் விரிகுடாக் கரைக்குப் போய், புல்லை வேரோடு பிடுங்கித் தின்று, பச்சைச் சதுப்பை உவர்ச்சேறாக்கின. காக்கப் பிறந்த சட்டம் குறைக்கவும் வழிதேட நேர்ந்தது. 1999 முதல், மற்றப் பறவைகளின் பருவம் முடிந்த பின், பனி வாத்துக்காக மட்டும் குச்சியை எடுத்துவிடலாம் என்று அனுமதித்தார்கள்.

ஆகவே பிப்ரவரியில் ஸ்டட்கார்ட்டு வேட்டைக்காரர் மூடியைத் திருகிக் குச்சியை எடுத்து, எங்கோ ஓர் அலமாரியில் போடுகிறார். நவம்பர் பிறந்து பச்சைத்தலை வாத்துகள் மறுபடி வரும்போது, முதல் நாளிரவு, வீட்டிலுள்ள இழுப்பறைகளையெல்லாம் தலைகீழாகக் கவிழ்த்து அதைத் தேடுகிறார்.