கொழுப்புக்குள் ஓடும் நரம்பு

மார்கழி மாதம், விடியாத இருட்டு. போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்ட ஜீப்புகள் கிளம்புகின்றன. தூக்குவாளியை மடியில் வைத்து, தலையில் துண்டைச் சுற்றிய பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டில் ஏறியதும் குளிர் காதை அறைகிறது.

அந்த நேரத்தில் உடம்புக்குள்ளும் ஒரு வேலை தொடங்குகிறது. தோல் உணர்ந்த குளிர் மூளைக்கு எட்டியதும், தண்டுவடம் வழியாகக் கட்டளை இறங்குகிறது. நம்மைக் கேட்காமலே இயங்கும் பரிவு நரம்புகள் கொழுப்புத் திசுவரை கிளை பரப்பியிருக்கின்றன. அவற்றின் நுனியில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரந்தவுடன், கொழுப்பு செல் தன் இருப்பைக் கரைத்து ரத்தத்தில் விடுகிறது. கழுத்தோரம் கொஞ்சமாக உள்ள பழுப்புக் கொழுப்போ, அதை எரித்துச் சூடாக்குகிறது.

குதிரில் கொட்டிய நெல்லைப் போலக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை.

அந்த இருப்பை நிரப்பச் சொல்வது பசி. மூளையில் பசிக்கான இடத்தைத் தேடியவர்களில் முக்கியமானவர் இந்திய மருத்துவர் பால்கிருஷ்ண ஆனந்த். 1951இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் சேர்ந்து எலிகளை ஆராய்ந்தார். ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியின் பக்கவாட்டில், இருபுறமும் சின்னஞ்சிறு பகுதியைச் சிதைத்ததும் எலிகள் தீனியைத் தொடவே இல்லை, பட்டினியால் செத்தன. பசி மையம் பிடிபட்டது. பின்னர் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையை வளர்த்தவரும் அவரே.

மூளைக்கு இருப்புக் கணக்கைச் சொல்வது யார்? கொழுப்பேதான். அது சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டறிந்தது. மரபணுக் கோளாறால் லெப்டினே சுரக்காத ஒரு சிறுமியைப் பற்றி 1997இல் இங்கிலாந்து மருத்துவர்கள் எழுதினார்கள். 8 வயதில் 86 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை. தினமும் லெப்டின் ஊசி போட்டதும் பசி தணிந்தது, ஓராண்டில் சுமார் 16 கிலோ குறைந்தது. அந்தக் குழந்தையைத் தீனிப்பண்டாரம் என்று ஏசியிருந்தால் எவ்வளவு பெரிய அநியாயம்!

சேதி ரத்தம் வழியாக மட்டும் போவதில்லை. கொழுப்பிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் உணர்வு நரம்புகளை 2022இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகம் எலிகளில் துல்லியமாகக் காட்டியது. அந்த நரம்புகளை அகற்றியபோது கொழுப்பை எரிக்கும் வேலை கூடியது. அதாவது, அவை பிரேக் போலச் செயல்படுகின்றன.

சாயங்காலம் ஜீப்புகள் இறங்கி வருகின்றன. வீட்டில் சுடுசோறு சாப்பிட்டதும் இன்சுலின் ஏறுகிறது. கரைப்பு நின்று சேமிப்பு தொடங்குகிறது. இரவில் அவர்கள் கண்ணயரும்போது ரத்தத்தில் லெப்டின் மெல்ல உயர்கிறது.