ரேடார்: ஒரு போர்க்காலச் சொல்

புயல் காலங்களில் 'ரேடார்' என்னும் சொல் செய்திகளில் தவறாமல் இடம்பெறுகிறது. ஒரே சொல்லாகத் தோன்றும் இது, 'ரேடியோ டிடெக்‌ஷன் அண்ட் ரேஞ்சிங்' என்பதன் சுருக்கமாகும். ரேடியோ அலைகளால் ஒரு பொருளைக் கண்டறிதலும் அதன் தொலைவை அளத்தலும் என்பது இதன் பொருள். 1940ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை இப்பெயரைச் சூட்டியது.

கருவி, பெயரைவிட மூத்தது. 1935ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் விமான அமைச்சகம் ராபர்ட் வாட்சன்-வாட் என்னும் அறிவியலாரிடம் ஒரு வினா எழுப்பியது. எதிரி விமானியை வீழ்த்தும் 'மரணக் கதிர்' ஒன்றை ரேடியோ அலைகளால் உண்டாக்க இயலுமா? அவருடைய உதவியாளர் ஆர்னால்டு வில்கின்ஸ் கணக்கிட்டுப் பார்த்தார். அதற்கு வேண்டிய ஆற்றல் எட்டாத அளவில் இருந்தது. ஆனால், விமானத்தின்மீது பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு அதன் வரவை அறியலாம் என்பது புலனாயிற்று. அவ்வாண்டு பிப்ரவரி 26ஆம் நாள், டேவன்ட்ரியில் இருந்த பி.பி.சி. ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளைக் கொண்டே, ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவுவரை ஒரு விமானத்தை உணர்ந்து காட்டினர்.

அன்று நிகழ்ந்தது கண்டறிதல் மட்டுமே. தொலைவை அளப்பது எவ்வாறு? கிணற்றில் குரல் கொடுத்தால் எதிரொலி சற்றுப் பொறுத்தே வருகிறது. கிணறு ஆழமாக இருந்தால் தாமதமும் மிகும். அதுபோல, ரேடியோ அலைகளைத் தொடர்ச்சியாக அனுப்பாமல் சிறு துடிப்புகளாக அனுப்பி, அவை திரும்பும் நேரத்தை அளந்தனர். இவ்வலைகள் வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்பவை. ஒரு துடிப்பு ஆயிரத்தில் ஒரு வினாடியில் திரும்பினால், அது போய்வந்த தொலைவு 300 கி.மீ.; பொருள் இருப்பது 150 கி.மீ. தொலைவில்.

இரண்டாம் உலகப்போரின்போது ரேடார் திரைகளில் மழையின் எதிரொலிகளும் தெரிந்தன. விமானத்தைத் தேடியவர்களுக்கு அவை தொல்லை. வானிலை அறிஞர்களுக்கோ புதையல்! போருக்குப்பின் மழையையும் புயலையும் தேடவே ரேடார்கள் அமைந்தன. சென்னையில் 2002ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார், மழைத்துளிகள் நகரும் வேகத்தையும் அறிய வல்லது. எதிரொலியின் அதிர்வெண்ணில் ஏற்படும் சிறு மாற்றமே அதற்குத் துணை. கடலில் மீனவரும் கரையில் மக்களும் எச்சரிக்கை பெறுவதற்கு இத்தகைய அளவீடுகள் உதவுகின்றன.

ரேடியோ அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதாலும் பூமி வளைந்திருப்பதாலும், மிகத் தாழப் பறக்கும் விமானம் ரேடாருக்கு எளிதில் புலப்படாது. எனவேதான், யார் கண்ணிலும் படாமல் நடக்கும் செயலை 'ரேடாருக்குக் கீழே' நடப்பதாக ஆங்கிலத்தில் சொல்கிறார்கள்.

இச்சொல்லை ஆங்கில எழுத்துகளில் எழுதிப் பாருங்கள். நம் 'விகடகவி' போல, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. போன வழியே திரும்பிவரும் அலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? கொல்லும் கதிரைத் தேடியபோது பிறந்த கருவி, இன்று உயிர் காக்கும் எச்சரிக்கையைத் தருகிறது.