ஓடுதளம் வழுக்கும்போது விமானம் ஏன் நிற்பதில்லை?

2023 செப்டம்பர் 14 மாலை, விசாகப்பட்டினத்திலிருந்து மும்பை வந்த லியர்ஜெட் 45 ரகத் தனி ஜெட், கனமழையில் தரையிறங்கும்போது ஓடுதளத்தை விட்டு விலகி நொறுங்கியது. அதிலிருந்த 8 பேரும் உயிர் தப்பினார்கள். 2020 ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோட்டில் அப்படி நடக்கவில்லை. துபாயிலிருந்து 190 பேருடன் மழையில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுதளத்தைத் தாண்டிச் சரிவில் விழுந்தது. 21 பேர் இறந்தார்கள்.

மிதக்கும் டயர்

மழைநாளில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ஓட்டுநர்கள் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. கியரைக் குறைத்துத்தான் இறங்குவார்கள். டயர் தரையைப் பிடித்தால்தான் பிரேக் பிடிக்கும். தேங்கிய நீரில் அதிவேகமாக உருளும் டயருக்கு அடியிலிருந்து நீர் விலக நேரம் இருக்காது. டயர் நீரின் மேல் மிதக்கும், பிரேக் பயன்படாது. நாசா வகுத்த கணக்குப்படி, காற்றழுத்தம் 200 பிஎஸ்ஐ உள்ள டயர் மணிக்குச் சுமார் 235 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். பல ஜெட் விமானங்கள் தரைதொடும் வேகமும் ஏறக்குறைய அதுதான். இதற்காகவே ஓடுதளத்தின் குறுக்கே 6 மி.மீ. ஆழத்துக்குக் கோடுகள் வெட்டி நீரை வடிய விடுகிறார்கள்.

பனி தந்த பாடம்

2005 டிசம்பர் 8 அன்று சிகாகோ மிட்வே நிலையத்தில், பனி படர்ந்த ஓடுதளத்தில் இறங்கிய சவுத்வெஸ்ட் விமானம் நிற்காமல் வேலியை உடைத்துச் சாலையில் சென்ற காரில் மோதியது. காரில் இருந்த 6 வயதுச் சிறுவன் இறந்தான். அதன்பின் அமெரிக்காவில் உருவான மதிப்பீட்டு முறையே 2021 நவம்பர் 4 முதல் உலகப் பொதுமுறையானது. ஓடுதளத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 6 வரை எண் தருகிறார்கள். உலர்ந்த தளத்துக்கு 6; பிடிப்பே இல்லாத தளத்துக்கு 0.

முடிவு விமானியின் கையில்

கோழிக்கோட்டில் 2,700 மீட்டர் ஓடுதளத்தில் சுமார் 1,350 மீட்டரைக் கடந்த பிறகே சக்கரங்கள் தரைதொட்டன. பின்காற்றும் தள்ளியது. மீண்டும் மேலெழும்பச் சொல்லித் துணை விமானி குரல் கொடுத்தும் தரையிறக்கம் தொடர்ந்தது என்கிறது விசாரணை அறிக்கை. மழையைத் தடுக்க முடியாது. இறங்காமல் திரும்ப முடியும்.

கோவையில் இறங்க வேண்டிய விமானம் மழையால் கொச்சிக்குத் திருப்பப்பட்டால் விமானியைக் கடிந்துகொள்ளாதீர்கள். தனி ஜெட் அமர்த்துவோரும் அவசரம் காட்டி நெருக்காதீர்கள். தாமதத்தால் போவது சில மணி நேரம்தான்.