கீழாநெல்லிக்கு ஒரு ஆடிட்

சுவாமிமலையில் முருகன் அப்பாவுக்கே வாத்தியார். பிரணவத்துக்கு அர்த்தம் தெரியாமல் முழித்த பிரம்மாவைச் சிறையில் போட்டுவிட்டு, அதே அர்த்தத்தை சிவபெருமானின் காதில் ஓதினார் என்பது ஸ்தல புராணம். ‘பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று விட்டுவிடாமல் கேள்வி கேட்ட ஊர்!

ஆனால், மஞ்சக்காமாலை என்று வந்துவிட்டால் மட்டும் அந்தப் பக்கத்தில் கேள்விக்கே இடமில்லை. வயல் வரப்பில் கீழாநெல்லி தானாக முளைத்துக் கிடக்கும். பறி, அரை, மோரில் கலக்கு, குடி. எண்ணெய்ப் பலகாரம் கட். சில வாரத்தில் கண் வெளுத்துவிடும். பாட்டிக்கு ஜே!

அந்தப் பாட்டி வைத்தியத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கணக்குக் கேட்டவர் ஒருவர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் எஸ்.பி.தியாகராஜன். பின்னாளில், 2003 முதல் 2006 வரை, அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

நான் படித்தது பி.காம். வைரஸ் தெரியாது, வரவு எழுதத் தெரியும். இங்கே வரவு எழுதுவதில்தான் சிக்கலே! தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் ‘ஏ’, ‘ஈ’ வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே குணமாகும். உடம்பு சம்பாதித்ததை கீழாநெல்லி பேரில் வரவு வைத்துவிடுகிறோம்.

‘பி’ வைரஸ் வேறு ரகம். ரத்தம், ஊசி, ரேஸர் பிளேடு, உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தை என்று பரவும். சிலர் உடம்பில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். கண் மஞ்சளாகாது, ஆபீஸுக்கு லீவும் போட வேண்டாம். பல வருஷம் கழித்து கல்லீரல் சுருங்கும், அல்லது புற்றுநோய் வரும்.

தியாகராஜன் குழு கை வைத்தது இந்த ‘பி’யில். 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லி. 23 பேருக்கு மருந்தே இல்லாத டம்மி. முடிந்து 15-20 நாளில் ரத்தப் பரிசோதனை. கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் காணோம். டம்மி கோஷ்டியில்? ஒரே ஒருவர்!

1988-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. கட்டுரையில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா? பரூச் பிளம்பர்க். ‘பி’ வைரஸைக் காட்டிக்கொடுத்த ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’னைக் கண்டுபிடித்து, 1976-ல் நோபல் பரிசு வாங்கிய அமெரிக்கர்.

சினிமாவாக இருந்தால் இங்கே ‘சுபம்’ போட்டிருப்பார்கள். விஞ்ஞானம் விடாது ஸார். ‘நீ சொன்னாய், சரி... நானும் செய்து பார்க்கிறேன்’ என்று கிளம்பும். நோபல் சிபாரிசெல்லாம் அங்கே செல்லாது. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். 1990-ல் அதே ‘லான்செட்’டில் ‘பலிக்கவில்லை’ என்றார்கள். 1994-ல் நியூஸிலாந்தும் உதட்டைப் பிதுக்கியது. வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசிய 2011-ம் வருஷ மதிப்பீடு, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று முடித்தது.

அப்போ தியாகராஜன் தோற்றுவிட்டாரா? அதுதான் இல்லை. பாட்டி சொன்னதைக் கும்பிடவும் இல்லை, குப்பையில் போடவும் இல்லை. டம்மியோடு பக்கத்தில் நிறுத்தி அளந்து, மற்றவர்கள் சரிபார்க்கும்படி எண்களை வெளியே வைத்தார். புஸ்தகத்தைத் திறந்து காட்டினால்தானே ஆடிட்டர் தப்பைக் கண்டுபிடிக்க முடியும்? ‘கைகண்ட மருந்து, ஃபார்முலா ரகசியம்’ என்று போர்டு வைப்பவர்களிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்!

ஆடிட்டில் தேறிய சமாசாரம் தடுப்பூசிதான். 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரிக்க ஆரம்பித்த பிறகு விலை மளமளவென்று இறங்கியது. இன்று பிறந்த குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பெரியவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதத்தில் மூன்று ஊசி. ஏற்கெனவே வைரஸ் குடியேறியிருந்தால் அதைத் துரத்த முடியாவிட்டாலும் அடக்கிவைக்க மாத்திரைகள் இருக்கின்றன. இருக்கிறதா என்று தெரிய ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை போதும்.

பாட்டியின் மோரைக் குடித்து கண் வெளுத்துவிட்டதா? சந்தோஷம். வந்தது ‘ஏ’யா, ‘பி’யா என்று கண்ணாடி சொல்லாது. லேப்தான் சொல்லும்.