மான் கடிக்கும் கொழுந்து எது? கவலையில் ஜெர்மனியின் காடுகள்

தோட்டப்புறத்தில் ஆடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். காலடியில் புல் கிடந்தாலும் ஆடு வேலியோரக் கொழுந்தைத்தான் எட்டிக் கடிக்கும். ஐரோப்பியக் காடுகளில் வாழும் ரோ மானும் அப்படித்தான். அது எந்தக் கன்றைக் கடிக்கிறது என்பது ஜெர்மனியில் இன்று பெரிய கவலையாகியுள்ளது.

ரோ மான் அசைபோடும் விலங்கு. எடை 20 முதல் 30 கிலோதான், இரைப்பையும் சிறியது. மாட்டைப் போல நார் மிகுந்த புல்லை வயிறு நிறையத் தின்று மெதுவாகச் செரிக்க அதனால் இயலாது. எனவே, சத்து மிகுந்த மொட்டு, தளிர், இளங்கிளையின் நுனி ஆகியவற்றையே தேடித் தின்கிறது.

மரமும் சும்மா இருப்பதில்லை. டானின் எனும் துவர்ப்புப் பொருள் அதன் தற்காப்பு. அது மிகுந்தால் தின்ற தழையின் புரதம் உடலில் சேராது. ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பீச், மேப்பிள் கன்றுகளின் கிளைகளை வெட்டி, வெட்டுவாயில் மான் எச்சிலைத் தடவிப் பார்த்தனர். அக்கன்றுகளில் சில வகை டானின்கள் கூடின. எச்சில் படாமல் வெட்டியபோது, காயத்துக்குரிய மாற்றங்களே தெரிந்தன. கடித்தது மான் என்பதைக் கன்று உணர்கிறது என 2016-இல் அவர்கள் அறிவித்தனர்.

ஊசியிலை குத்தும் ஸ்புரூஸ் மரத்தை மான் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஓக், வெள்ளி ஃபிர் கன்றுகளை விரும்பித் தின்னும். சிக்கல் இங்குதான். 2018 தொடங்கி மூன்று ஆண்டுகளில் வறட்சியாலும் பட்டை வண்டுகளாலும் ஜெர்மனி சுமார் 5 லட்சம் ஹெக்டர் காட்டை இழந்தது. அதில் பெரும்பகுதி ஸ்புரூஸ். அந்த இடத்தில் வறட்சியைத் தாங்கக்கூடிய ஓக், வெள்ளி ஃபிர் போன்றவற்றை வளர்க்க முயல்கின்றனர். மானுக்குப் பிடித்தவையும் அவையே. நாற்றங்காலில் உரமிட்டு வளர்த்த கன்றுகளில் சத்து அதிகம் என்பதால் அவற்றை இன்னும் விரும்பிக் கடிக்கிறது.

நுனி மொட்டு போனால் கன்று நேராக உயராது. ஆண்டுதோறும் கடிபட்டால் புதராகவே நின்றுவிடும். மான் தொடாத மரமோ அதை முந்திக்கொண்டு வளர்ந்து, வெயிலை மறைத்துவிடும்.

இதைத் தடுக்க வேலி அடைக்கின்றனர். ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் அதிகமான ரோ மான்கள் வேட்டையாடப்படுகின்றன. செலவு குறைந்த வழி ஒன்றும் உண்டு. கன்றின் நுனி மொட்டில் சிறிது ஆட்டு ரோமத்தைச் சுற்றிவிடுகின்றனர். வாயில் ரோமம் ஒட்டுவதை மான் விரும்பாது. குளிர்காலம் முழுவதும் அந்த ஒரு மொட்டு தப்பினால், வசந்தத்தில் கன்று மேலும் ஒரு சாண் உயரும்.